'என்ன கொழுப்பு?' என்று கேளுங்கள்: சென்னையிலிருந்து வெளிநாடு போகும் வீகன்களுக்கு

ஸ்பெயினின் செவில் நகரத்தில் ஒரு டிசம்பர் மாலை. இனிப்புக் கடைக்காரர் மெல்லிய காகிதத்தில் சுற்றிய சின்னப் பண்டம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். போல்வொரோன் என்று பெயர். வறுத்த கோதுமை மாவு, பாதாம், சர்க்கரை, பட்டை என்று நம் வீட்டு மாவுருண்டைக்கு ஒன்றுவிட்ட உறவு போல இருந்தது. "பால் இருக்கிறதா? முட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். உண்மையைத்தான் சொன்னார். பாதி தின்ற பிறகு, பெட்டியின் பின்பக்கத்தில் 'மாந்தேகா தெ செர்தோ' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. மொழிபெயர்ப்புச் செயலி 'பன்றிக் கொழுப்பு' என்றது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் என்னை ஏமாற்றவில்லை. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பயணத்தில் பாரிஸ், லிஸ்பன், செவில் என்று 14 நாள் நானும் கணவரும் சுற்றினோம். நான் பால், நெய், தேன் எதையும் தொடாத வீகன். அவர் பால் சாப்பிடுவார், முட்டை சாப்பிட மாட்டார். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி, முட்டை தின்னாத சைவக்காரர்களுக்கும் பயன்படும். சூட்கேஸ் நிறையப் பொடி டப்பாக்களோடு போய், இந்திய உணவகத்தைத் தேடித் தேடியே நாளைக் கழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. அந்தந்த ஊர் பேக்கரியில், அந்தந்த ஊர்க்காரர்களின் பக்கத்தில் நின்று சாப்பிடலாம். கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

1. 'சைவம்' என்ற சொல்லைச் சென்னையிலேயே விட்டுவிடுங்கள்

நம் ஊர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சியும் முட்டையும் இல்லை என்று பொருள். பால், நெய், தேன் இருக்கலாம். வெளிநாட்டில் அந்தப் புள்ளியே கிடையாது. அங்கே 'வெஜிடேரியன்' என்றால் பெரும்பாலும் முட்டை, பால், சீஸ் மூன்றும் உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் சில ஊர்களில் மீனோடு வரும். ஸ்பெயினில் 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற கலவை சாலட்டின் தலையில் டூனா மீனும் அவித்த முட்டையும் உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி.

'வீகன்' என்ற சொல் பெரிய நகரங்களில் புரியும். பழைய பேக்கரி அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என் நான்கு கேள்விகள் இவை: பால் இருக்கிறதா? முட்டை இருக்கிறதா? என்ன கொழுப்பில் செய்தது? தேனோ ஜெலட்டினோ (விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) சேர்ந்திருக்கிறதா? இவற்றில் மூன்றாவதுக்கு 'ஆம், இல்லை' என்று பதில் சொல்ல முடியாது. எண்ணெயா, வெண்ணெயா, மார்கரின் என்ற செயற்கை வெண்ணெயா, பன்றிக் கொழுப்பா என்று எதிரில் இருப்பவர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

2. முதல் பயணத்துக்கு எந்த ஊர்?

பயணம் புதிது, வீகன் பழக்கமும் புதிது என்றால் சிங்கப்பூரோ மலேசியாவோ நல்ல தொடக்கம். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் நமக்குப் பழகியவை. ஒண்டே ஒண்டே என்ற பச்சை உருண்டையைக் கடித்தால், உள்ளிருக்கும் பனைவெல்லம் வாய்க்குள் உடைந்து ஓடும். வெளியே துருவிய தேங்காய், பாலும் இல்லை, முட்டையும் இல்லை. புட்டு பிரிங் நம் புட்டின் தம்பி. புட்டு மாயம் நம் இடியாப்பமேதான். ஆவியில் வேகவைத்த கூஏ லாப்பிஸ் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். அதே 'லாப்பிஸ்' பெயரோடு அடுப்பில் சுட்ட அடுக்குக் கேக் வந்தால் அது முழுக்க முட்டையும் வெண்ணெயும், ஏமாறாதீர்கள். காயா ஜாமில் முட்டை உண்டு. பரோட்டா மாவில் நெய்யோ டின் பாலோ சேர்ப்பது வழக்கம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சாதத்தோடு வரும் சம்பலில் நெத்திலியும் இறால் விழுதும் இருக்கும். காபி கேட்கும்போது 'கோப்பி ஓ', தேநீருக்கு 'தே ஓ' என்று சொன்னால் பால் இல்லாமல் வரும். வெறுமனே 'கோப்பி' என்றால் டின் பால்.

இலங்கை பக்கத்தில்தான் இருக்கிறது, தமிழும் பேசுவார்கள். ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது அங்கே சாதாரணம். 'மாசி போட்டதா?' என்று ஒவ்வொரு வேளையும் கேளுங்கள்.

வேறொரு வழியும் உண்டு. உலகத்தில் பல இடங்களில் விரத உணவு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதியிருந்தால் இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். வியட்நாமில் 'சாய்' என்று கேளுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் சாய் உணவு சாப்பிடுவதால் அன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சாயில் சில கடைகள் முட்டையும் பாலும் சேர்க்கின்றன. கிரேக்கத்தில் 'நிஸ்தீசிமோ' என்றால் பால், முட்டை, இறைச்சி இல்லை. தேனும் இறால் வகையும் இருக்கலாம். எத்தியோப்பிய உணவகத்தில் 'த்சோம்' உணவு கேட்டால் இஞ்செரா என்ற புளித்த மாவு அடையின் மேல் பருப்பும் காய்கறியுமாக வரும். தைவானில் பாக்கெட் சைவ உணவில் அது முழுச் சைவமா, முட்டை சேர்ந்ததா, பால் சேர்ந்ததா என்று வகை பிரித்து எழுத வேண்டும் என்பது விதி. அந்த ஏற்பாட்டை நம் ஊரிலும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

3. விசாவும் தங்குமிடமும்: உணவுக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் வழக்கமான காலமும் 15 நாள்தான். கூட்டக் காலத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, 2 வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் உணவு எங்கே வருகிறது? விண்ணப்பத்தோடு தங்குமிட முன்பதிவு காட்ட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் 'காலை உணவு சேர்த்து' என்ற அறையைப் பதிவு செய்துவிடுவார்கள். ஐரோப்பிய விடுதிக் காலை உணவு என்பது முட்டை, சீஸ், வெண்ணெய் ரொட்டி, தயிர். வீகனுக்கு மிஞ்சுவது ஆரஞ்சுச் சாறும் வாழைப்பழமும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஒரு சிறிய சமையலறையோ குறைந்தது கெட்டிலோ இருக்கும் அறையாக, ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். பக்கத்தில் பேக்கரியும் காய்கறிச் சந்தையும் இருக்கின்றனவா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பாரிஸில் எங்கள் அறைக்குக் கீழேயே பேக்கரி. காலை ஏழு மணிக்கு ரொட்டி மணம் படியேறி வரும்.

4. விமான உணவு: நான்கு எழுத்தில் தலையெழுத்து

டிக்கெட் எடுத்தவுடன் உணவைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை ஏற்கும், சில 48 மணி நேரம் கேட்கும். வீகன் உணவின் குறியீடு வி.ஜி.எம்.எல். இதைத்தான் கேட்க வேண்டும். ஏ.வி.எம்.எல். என்பது இந்தியச் சைவச் சாப்பாடு. அதில் பனீரும் தயிரும் நெய்யும் வரும். எனக்கு முதல் முறை அப்படித்தான் வந்தது. பதிவு செய்த முகவர், "சைவம்தானே, அதுவே சரி" என்று போட்டுவிட்டார். எட்டு மணி நேரப் பயணத்தில் ஊறுகாயும் சாதமும் மட்டும் சாப்பிட்டேன். எச்.என்.எம்.எல். என்ற இந்து உணவை ஒருபோதும் கேட்காதீர்கள். பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடுவார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவச் சாப்பாடு.

மாறி ஏறும் விமானங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் உணவு பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பயண நேரம் மாறினாலோ விமானம் மாறினாலோ பதிவு விடுபட்டுப்போவது உண்டு. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை நிறுவனத்தின் செயலியில் சரிபார்த்துவிடுங்கள். என்ன செய்தாலும் கைப்பையில் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் இருக்கட்டும். வெல்லமும் கடலையும் எள்ளும்தான், எந்தக் கவலையும் இல்லை.

5. நான்கு கேள்வி அட்டை

போகிற நாட்டின் மொழியிலும் எழுத்திலும் உங்கள் நான்கு கேள்விகளையும் ஓர் அட்டையில் அச்சடித்துக்கொள்ளுங்கள். செல்பேசியிலும் படமாக வையுங்கள். உச்சரிப்பை நம்பாதீர்கள், காட்டுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி வீட்டிலேயே இறக்கி வையுங்கள். கேமராவைப் பாக்கெட் மேல் பிடித்தால் பொருள் பட்டியலை மாற்றிக் காட்டும்.

சில சொற்களை மனப்பாடமே செய்துவிடுங்கள். பிரெஞ்சில் பால் 'லே', வெண்ணெய் 'பர்', பன்றிக் கொழுப்பு 'சாந்தூ'. 'வெஜெதாலியன்' என்றால் வீகன், 'வெஜெதாரியன்' என்றால் வெறும் வெஜிடேரியன். ஓர் எழுத்துதான் வித்தியாசம், காதில் எளிதில் குழம்பும். ஸ்பானியத்தில் பால் 'லெச்சே', முட்டை 'வேவோ', வெண்ணெய் 'மாந்தெகிய்யா', பன்றிக் கொழுப்பு 'மாந்தேகா'. அங்கிருந்து எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்குப் போனால் 'மான்தெய்கா' என்பது வெண்ணெய், பன்றிக் கொழுப்பு 'பான்யா'. இத்தாலியில் வெண்ணெய் 'பூர்ரோ', பன்றிக் கொழுப்பு 'ஸ்த்ரூத்தோ', பால் 'லாத்தே'. இத்தாலியில் போய் 'லாத்தே' என்று காபி கேட்டால் ஒரு டம்ளர் பால்தான் வரும். துருக்கியில் பால் 'சூத்', முட்டை 'யுமுர்த்தா', வெண்ணெய் 'தெரெயா', தேன் 'பால்'. ஆம், அந்த ஊரில் 'பால்' என்றால் தேன்.

ஒவ்வாமை என்று பொய் சொல்லிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒவ்வாமை என்றால் சமையலறை தனிப் பாத்திரம் எடுக்க வேண்டியிருக்கும், பல கடைகள் பயந்து எதையுமே தராது. உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளவர்களின் சொல்லுக்கும் மதிப்புக் குறைந்துபோகும்.

6. பெட்டியில் எதை வைக்கலாம்?

பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, அவல், புளிக்காய்ச்சல், ஒரு சிறு பாட்டில் நல்லெண்ணெய். பதினான்கு நாளுக்கு இது போதும். எல்லாவற்றையும் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். திரவம் எதுவும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது, ஊறுகாயையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். கொப்பரை வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் நிறுத்திவிடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. வீகனுக்கு அதில் கவலை இல்லை, ஆனால் உறவினர் கொடுத்தனுப்பும் பால்கோவாவை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் காய், பழம், இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. அம்மா ஈரத்துணியில் சுற்றித் தரும் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் உணவு எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். மறைத்தால் அபராதம் பெரிது.

பி12 மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

7. பேக்கரிக்குள் நுழைந்ததும்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணால் பாருங்கள். மேலே கண்ணாடி போலப் பளபளத்தால் முட்டை பூசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காகப் பிரிந்தால் வெண்ணெய் அல்லது மார்கரின். மஞ்சளாக, பஞ்சு போல இருந்தால் முட்டையும் பாலும். பொலிவில்லாமல், மேலே மாவு படிந்து, கனமாக இருக்கும் ரொட்டிதான் நம் நண்பன்.

பாரிஸ் பேக்கரியில் 'பகெத் த்ரதிசியோன்' என்ற நீள ரொட்டியைக் கேளுங்கள். இந்தப் பெயரில் விற்கும் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவைதான் அடிப்படை, செயற்கைச் சேர்மானம் கூடாது என்று 1993ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது. காலை ஏழரைக்கு வாங்கிக் கையில் பிடித்தால் காகிதம் வழியாகச் சூடு தெரியும். முனையைக் கிள்ளினால் 'படக்' என்ற ஓசை, உள்ளே ஈரமான ஓட்டைகள், லேசான புளிப்பு. நன்றாகப் புளித்த தோசை மாவில் வருமே, அந்த வாசனை. பிரெஞ்சுக்காரர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே முனையைக் கடித்துக்கொண்டு போவார்கள். நானும் கடித்தேன். 'பெங் வியெனுவா' என்பதும் நீளமாகவே இருக்கும். அதில் பால் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரியோஷ் முழுக்க முட்டையும் வெண்ணெயும்.

குரோசான் விஷயத்தில் பலர் விழும் குழி இது: 'சாதாரண குரோசான்' என்றால் மார்கரினில் செய்தது, ஆகவே வீகன் என்று யாராவது சொல்வார்கள். மார்கரினில் சில நேரம் பால் பொருள் கலந்திருக்கும், மாவில் பால் இருக்கலாம், மேலே முட்டை பூசியிருப்பார்கள். எங்கள் அறைக்குக் கீழிருந்த கடை அம்மாவிடம் அட்டையை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தார். மார்கரின் என்ற இடத்தில் தலையசைத்தார், முட்டை என்ற இடத்தில் நிறுத்தினார். உள்ளே போய், முட்டைக் கலவை ஒட்டிக் காய்ந்திருந்த தூரிகையை எடுத்து வந்து காட்டினார். பிறகு எதுவும் பேசாமல் ஒரு பகெத்தை எடுத்துத் தாளில் சுற்றினார். அன்று முதல் நான் படியிறங்கி வந்தாலே கை பகெத் பக்கம் போகும். குரோசானேதான் வேண்டும் என்றால் பாரிஸில் முழு வீகன் பேக்கரிகள் இருக்கின்றன. லேண்ட் அண்ட் மங்கீஸ் பெயர் பெற்றது. அங்கே கேள்வியே கேட்காமல் கண்ணாடிப் பெட்டி முழுவதையும் கைகாட்டலாம். ஒரு வீகனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

லிஸ்பனின் பஸ்தெல் த நாதா என்ற சின்ன கஸ்டர்ட் பண்டம் முட்டை மஞ்சள் கருவில் செய்வது. அந்த ஊர் இனிப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் வீகன் நாதா என்ற பெயரிலேயே அங்கு கடை இருக்கிறது. மேலே கருகிய புள்ளிகளும் பட்டைத்தூளுமாக, சுடச்சுடத் தருவார்கள். டிசம்பரில் போனால் தெருமுனையில் புகை எழும்பும் வண்டிகளைப் பாருங்கள். சுட்ட செஸ்நட், தாள் பொட்டலத்தில். உப்பும் நெருப்பும் தவிர வேறெதுவும் கிடையாது. சுட்ட பனங்கிழங்கின் இனிப்பு நினைவுக்கு வந்தது.

ஸ்பெயினில் சுர்ரோ. மாவு, தண்ணீர், உப்பு, பொரிக்கும் எண்ணெய். முறுக்கு அச்சைப் போன்ற குழாயில் பிழிந்து எண்ணெயில் சுற்றிவிடுவதைப் பார்க்கும்போதே வீட்டு நினைவு வரும். தொட்டுக்கொள்ளத் தரும் கெட்டிச் சாக்லேட்டில் பல இடங்களில் பால் இருக்கும், கேளுங்கள். வலென்சியா பக்கம் போனால் ஓர்சாத்தா, கோரைக்கிழங்கு வகை ஒன்றை அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரையோடு. மயோர்கா தீவின் என்சைமாதா என்ற சுருள் ரொட்டியின் பெயரிலேயே பன்றிக் கொழுப்பு இருக்கிறது.

இத்தாலியில் காலை வேளையில் 'கொர்னெத்தோ வெகானோ' என்ற வீகன் குரோசான் வகை சாதாரண காபிக் கடையிலேயே கிடைக்கும். தேன் சேர்த்ததா என்று மட்டும் கேளுங்கள். ஃபொக்காச்சா ரொட்டி ஆலிவ் எண்ணெயில் செய்தால் நமக்கு, ஸ்த்ரூத்தோ போட்டால் இல்லை. கடலைமாவுக் கரைசலைத் தட்டில் ஊற்றிச் சுட்ட ஃபரினாத்தா அப்படியே நம் கடலைமாவு தோசை. பிரான்ஸின் நீஸ் நகரத்தில் அதற்கே சொக்கா என்று பெயர். துருக்கியில் எள் ஒட்டிய சிமித் என்ற வளைய ரொட்டி, திராட்சைப் பாகில் தோய்த்துச் சுட்டது. பக்லாவாவில் வெண்ணெய். ஜப்பானில் மாவுச்சத்தில் செய்த வராபி மோச்சி, பயறு விழுது வைத்த தைஃபுக்கு, கடல்பாசியில் உறையவைத்த யோக்கான் என்று கேளுங்கள். தொராயாகி அப்பத்திலும் கஸ்தெலா கேக்கிலும் முட்டை உண்டு. வியட்நாமின் 'பான் தா லோன்' என்ற பெயருக்குப் பன்றித் தோல் பணியாரம் என்று பொருள். பயந்து ஓடிவிடாதீர்கள். மரவள்ளி மாவு, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால் சேர்ந்த அடுக்குப் பலகாரம் அது.

8. மதியமும் இரவும்

செவிலில் 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்' என்று கேளுங்கள். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும், சீரகமும் பூண்டும் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. மண் சட்டியில் வந்து வைத்ததும் சீரக மணத்தில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சல்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளி சூப்பின் மேல் முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள், இரண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போர்ச்சுகலின் கால்தோ வெர்தே சூப்பில் கடைசியில் இறைச்சித் துண்டைப் போடுவார்கள், சில இடங்களில் அதைப் போட்டே கொதிக்கவைப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். பீட்சாவில் 'மரினாரா' என்றால் சீஸ் கிடையாது. துருக்கியில் 'ஸெய்த்தின்யாலி' என்ற பிரிவு, ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கறிகள். ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும், மறக்காமல் கேளுங்கள்.

9. பாக்கெட்டைத் திருப்புங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்ட வேண்டும். பாலும் முட்டையும் அதில் அடங்கும். பாக்கெட் இல்லாத ரொட்டிக்கும் அந்த விவரத்தைக் கடைக்காரர் தந்தாக வேண்டும். தடித்த எழுத்தில் பாலும் முட்டையும் இல்லை என்றதும் வாங்கிவிடாதீர்கள். பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், தேன் மூன்றும் அந்த 14இல் வராது, மெலிந்த எழுத்திலேயே ஒளிந்திருக்கும். 'ஈ' என்ற எழுத்தோடு வரும் எண்கள் சேர்மானங்களின் குறியீடு: ஈ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். ஈ901 தேன்மெழுகு, ஈ904 பூச்சி சுரக்கும் அரக்கு. ஈ471 தாவரமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம். 'பால் துகள் இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை, ஒரே ஆலையில் செய்ததால் எழுதுவது. அது சேர்மானம் அல்ல.

10. காசும் கடிகாரமும்

ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது எளிது. பகெத் ஒரு யூரோவிலிருந்து ஒன்றரைக்குள். வீகன் பேக்கரியில் ஒரு பண்டம் மூன்று முதல் ஐந்து யூரோ. காபியில் ஓட்ஸ் பால் கேட்டால் அரை யூரோ போல் கூடும். எனக்கு நாளொன்றுக்கு 25 யூரோவில் மூன்று வேளையும் நிறைவாக முடிந்தது. பிரான்ஸில் சாப்பாட்டோடு 'காராஃப் தோ' கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். இத்தாலியில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. அட்டை தேய்க்கும்போது 'ரூபாயா, யூரோவா' என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலை, நமக்குத்தான் நட்டம்.

பிரான்ஸில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஸ்பெயினில் மதியமே ஒன்றரைக்குத்தான் தொடங்கும், இரவு எட்டரைக்கு முன் சமையலறை திறக்காது. பேக்கரிகள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், கதவில் எழுதியிருப்பதை முதல் நாளே பாருங்கள். ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் கைகொடுக்கும்.

டிசம்பர் 25 அன்று லிஸ்பனில் எங்கள் தெருவில் ஒரு கடை திறக்கவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து, அவலை நனைத்து, பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தோம். முந்தின நாள் வாங்கிய சோளரொட்டி தொட்டுக்கொள்ள. ஜன்னலுக்கு வெளியே மழை. பண்டிகை நாளுக்கு முதல் நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள்.

11. திரும்பும்போது

அந்தப் போல்வொரோனுக்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் விற்கிறார்கள், பெட்டியில் 'அசெய்தே தெ ஒலிவா' என்று எழுதியிருக்கும். அந்தச் சொற்களைப் பார்த்த பிறகும் பின்பக்கம் திருப்பி 'மாந்தேகா' இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் பண்டம், ஆகவே டிசம்பரில் எங்கும் கிடைக்கும். கடைசி நாளன்று இரண்டு பெட்டி வாங்கினேன். பெரிய பெட்டிக்குள் போட்டால் தூளாகிவிடும், கைப்பையில் வையுங்கள். மாம்பலம் வீட்டில் அம்மா உறையைச் சட்டென்று பிரித்து, புடவையெல்லாம் மாவு. அந்த ஊர்க்காரர்கள் செய்வது போல, உறையோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்து நன்றாக இறுக்கிப் பிடித்துவிட்டு, அதன் பிறகு பிரியுங்கள்.